வாழை மாப்பிள்ளை

இன்று காலை உன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். என்னுடையதன் வார் அறுந்துவிட்டது. ஊருக்கெல்லாம் தைப்பவளுக்குத் தன் வாரைத் தைக்க நேரமில்லை என்று நீ இருந்தால் சொல்லியிருப்பாய். ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த உன்னுடையதை எடுத்து மாட்டியதும் காதோரப் பஞ்சிலிருந்து உன் தலை எண்ணெய் வாசம் வந்தது. வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டு நீ காய்ச்சும் எண்ணெய், அதோடு வயல் தூசி, கொஞ்சம் வியர்வை. போர்வையிலிருந்து அந்த வாசம் எப்போதோ போய்விட்டது. தலையணையிலிருந்தும் போய்விட்டது. உன் சுடிதார்களைத் துவைக்காமலே வைத்திருக்கிறேன், அவற்றிலிருந்தும் போய்விட்டது. இந்த ஹெல்மெட்டுக்குள் மட்டும் இரண்டு மாதமாக யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. முகக் கண்ணாடியை இறக்கிவிட்டு, அது வெளியே போய்விடக் கூடாது என்று வாயால் மூச்சு விட்டுக்கொண்டே ஓட்டினேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நீடாமங்கலத்துக் கேட் மூடியிருந்தது என்பது ஒரு செய்தியா என்று கேட்பாய். மன்னார்குடி பஸ், நாகப்பட்டினம் லாரி, பள்ளிக்கூட வேன் என்று எல்லோரும் வழக்கம்போலத் திட்டிக்கொண்டு நின்றார்கள். இந்த ஊரிலேயே அந்தக் கேட்டைத் திட்டாதவர்கள் நாம் இருவர்தான். வீட்டுக்கு வெளியே நாம் ஒட்டி உட்கார்ந்திருக்கக் கிடைத்த ஒரே இடம் அது. நீ வண்டியை அணைத்துவிட்டுக் காலை ஊன்றி நிற்பாய். நான் பின்னால் உட்கார்ந்து உன் இடுப்பைச் சுற்றிக் கை போட்டிருப்பேன். தோளில் தாடையை வைத்துக்கொள்வேன். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்தவள் பிடித்துக்கொள்ளத்தானே செய்வாள். கூட்ஸ் வண்டி வந்தால் உனக்கு இன்னும் சந்தோஷம், பெட்டி நிறைய இருக்கும் என்று. இன்றும் கூட்ஸ்தான் வந்தது. நான் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் ஹேண்டில்பாரிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னை முதலில் பார்த்த நாளில் எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது. முகூர்த்த மாதம், கடை முழுக்கக் கல்யாண ஜாக்கெட். நீ முழங்கால் வரை சேற்றோடு வந்து நின்றாய். வேளாண்மை ஆபீசில் புதிதாக வந்திருக்கிறேன் என்றாய். சுடிதார் துணியை மேஜை மேல் போட்டுவிட்டு, "பாக்கெட் வச்சுத் தைச்சுத் தருவீங்களா?" என்று கேட்டாய்.

"பொம்பளை சுடிதாருக்குப் பாக்கெட் எதுக்குங்க?"

"போன் வைக்கணும், பேனா வைக்கணும், பூச்சி பிடிச்சா ஒரு டப்பா வைக்கணும். கையில ஒண்ணு இருந்தா வரப்புல விழுந்துருவேன்."

பூச்சி டப்பா வைக்கிற மாதிரிப் பாக்கெட் நான் அதுவரை தைத்ததில்லை. அளவு எடுக்கும்போது நீ கூச்சப்பட்டு நெளிந்தாய். ஊரில் பாதிப் பேரின் மார்பளவும் இடுப்பளவும் எனக்குத் தெரியும். ஒரு உடம்பை அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டாமல் கையிலேயே வைத்திருந்தது அன்றைக்குத்தான். அளவை எழுதிக்கொள்ளவும் மறந்துவிட்டேன். மறுநாள் தைக்க உட்கார்ந்தபோது எல்லா அளவும் அப்படியே ஞாபகம் இருந்தது.

பிறகு நீ கடைக்குப் பின்னால் இருந்த போர்ஷனில் என்னோடு வாடகைக்குச் சேர்ந்துகொண்டாய். இரண்டு ஆண்கள் சேர்ந்து குடியிருந்தால் ஊர் சந்தேகப்படும். இரண்டு பெண்கள் என்றால் பாவப்படும். வீட்டுக்காரம்மா பாவப்பட்டே நமக்கு வீடு கொடுத்தார். "ரெண்டும் கல்யாணம் காட்சி இல்லாம நிக்குதுங்க, ஒண்ணுக்கொண்ணு துணையா இருந்துட்டுப் போகட்டும்" என்று எதிர் வீட்டில் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். சீர்காழியிலிருந்து என் அக்கா வருஷத்துக்கு ஒரு முறை போன் செய்து, "இன்னும் அந்த ஆபீசரம்மாகூடத்தான் இருக்கியா?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன். "நல்லது, தனியா இருக்காத" என்று வைத்துவிடுவாள். இருபது வருஷத்துக்குக் கிட்ட நாம் அந்தப் பாவத்தின் நிழலில் சௌகரியமாகத்தான் இருந்தோம். வெளியே நான் உன்னை ஆபீசரம்மா என்பேன், நீ என்னை டெய்லரம்மா என்பாய். சண்டை வந்தால் வீட்டுக்குள்ளும் ஒருவரை ஒருவர் அப்படியே மரியாதையாகக் கூப்பிட்டுக்கொள்வோம், அதுதான் சண்டை என்று தெரிவதற்கு அடையாளம்.

நம் பெரிய சண்டை கல்யாணத்தைப் பற்றித்தான். கல்யாணம் ஆகாத இருவருக்கு அதைப் பற்றி என்ன சண்டை என்று, காதில் விழுந்தவர்கள் சிரித்திருப்பார்கள். டெல்லி கோர்ட்டில் நம்மைப் போன்றவர்கள் கல்யாணம் செய்துகொள்ள உரிமை கேட்டு வழக்கு நடந்ததே, அந்தச் சித்திரை முழுக்க நீ ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு திரிந்தாய். கோர்ட்டில் பேசுவதை அப்படியே போனில் காட்டினார்கள். ஒரு காதில் வக்கீல், இன்னொரு காதில் பருத்தியில் மாவுப்பூச்சி என்று புலம்பும் விவசாயி. சாயங்காலம் வந்து சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வாய். நான் மிஷினை நிறுத்தாமல் கேட்பேன்.

"இது ஏதோ நகரத்துப் பணக்காரங்க ஆசைன்னு சொல்றாங்கடி" என்று ஒரு நாள் சொன்னாய். சொல்லிவிட்டுக் குனிந்து உன் காலையே பார்த்தாய். நகக்கண்ணில் எல்லாம் சேறு. "நாம எந்த நகரம்? நீடாமங்கலமா?"

நான் சிரித்தேன். எனக்கு அந்த வழக்கில் உன்னளவு பற்று இல்லை. கல்யாணத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அளவு எடுக்கும்போது டேப்பின் மேலேயே கண்ணீர் விட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி ஆறு மாதத்தில் அதே ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, உடம்பு வற்றிவிட்டது, பிடித்துக் கொடுங்கள் என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். "அவங்க எல்லாம் கழட்ட முடியாம கஷ்டப்படுறதை நாம ஏன்டி வரிசையில நின்னு கேக்கணும்?" என்றேன். நீ ஆஸ்பத்திரி என்பாய், பென்ஷன் என்பாய், பேங்க் என்பாய். எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்வேன். கடைசியில் ஒரு நாள் நீ குரலை இறக்கிச் சொன்னாய்.

"பென்ஷன் எல்லாம் கிடக்கட்டும்டி. நாலு பேரு முன்னாடி உன் பக்கத்துல ஒரு தடவை நிக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

"அதான் தினமும் கேட்ல நிக்கிறோமே, நானூறு பேரு முன்னாடி."

நீ சிரித்தாய், ஆனால் பாதியில் நிறுத்திக்கொண்டாய். அதற்குப் பிறகு நான் அந்தக் கேலியைச் செய்யவில்லை.

தீர்ப்பு வந்த சமயத்தில் ஆற்றில் தண்ணீர் இல்லை. மேட்டூரை மூடிவிட்டார்கள். கருகின பயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்கள் உன் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். டிவியில் காவிரி வழக்கு ஓடும், அது முடிந்ததும் கல்யாண வழக்கு ஓடும். சேர்ந்து வாழலாம், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது, ஆனால் கல்யாணம் என்பது கோர்ட்டு கொடுக்கக் கூடியது இல்லை, சட்டம் போடுகிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று சொல்லிவிட்டார்கள். நீ டிவியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தாய். "ரெண்டு கேஸும் டெல்லிதான். ரெண்டுலயும் நமக்கு வரலை" என்றாய். பிறகு எழுந்துபோய் தோசைக்கு மாவு எடுத்தாய். அன்றைக்கு உன்னோடு சேர்ந்து எனக்கும் துக்கமாக இருந்தது. எனக்கு வேண்டாம் என்று நான் சொன்ன ஒன்றை இன்னொருவர் கிடையாது என்று சொன்னபோது எரிச்சல் வந்தது. வேண்டாம் என்று சொல்லவாவது எனக்கு ஒரு உரிமை இருந்திருக்கலாம்.

போன கார்த்திகை மழையில், மூழ்கின பயிரைக் கணக்கெடுக்கப் போன இடத்தில் நீ வரப்பில் சாய்ந்துவிட்டாய். மயங்கி விழுந்துவிட்டார் என்று எனக்கு போன் வந்தபோது தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிஷின் லைட்டைக்கூட அணைக்காமல் பஸ் ஏறினேன். தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில், "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்கள். கூட இருக்கிறவள் என்றேன். "அது சரிம்மா, சொந்தம் யாரு?" என்று கேட்டார்கள். சொந்தம் வந்தது. உன் அண்ணன் நனைந்த வேட்டியோடு வந்தார். ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு உடனே வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க போய் இருங்க, நான் இங்க நிக்கிறேன்" என்றார். உன் கை சூடாக இருந்தது. விரலில் சேறு காய்ந்திருந்தது. அதை என் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தபோதே நர்ஸ் வந்து என்னை நகரச் சொல்லிவிட்டார். அதுதான் கடைசி.

இனிச் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. நீ அங்கேதான் இருந்தாய், ஆனால் உனக்குத் தெரியாது.

உன்னைக் கிராமத்துக்கு, உன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நானும் அதே வண்டியில் வந்தேன். விடிந்ததும் பந்தல் போட்டார்கள். எடுக்கிற நேரம் எப்போது என்று பேசிக்கொண்டிருந்தபோது உன் அத்தை குறுக்கிட்டார். "கன்னியா அனுப்பக் கூடாது. நம்ம வகையறால அந்த வழக்கம் கிடையாது." உனக்கு ஐம்பதை ஒட்டிய வயசு என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். "எண்பது வயசானாலும் கழுத்துல ஏறலைன்னா கன்னிதான்" என்றார் அத்தை. கல்யாணமாகாமல் செத்துப்போனால் வாழைக்கன்றை மாப்பிள்ளையாக வைத்துத் தாலி கட்டி, அதன் பிறகுதான் எடுப்பது என்பது உங்கள் வகையறாவின் வழக்கம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நாம் எவ்வளவு சிரித்திருப்போம்.

கல்யாணப் பெண்ணுக்குக் கூறைப்புடவை வந்தது. அதற்குத் தோதாகச் சிவப்பு ஜாக்கெட் இல்லை. அண்ணி தன்னுடையதைக் கொண்டுவந்து காட்டினார். அது உனக்குப் பற்றாது என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. நான் தைத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். யாரோ பைக்கில் என்னைக் கடைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். மிஷின் லைட் முதல் நாளிலிருந்து எரிந்துகொண்டே இருந்தது. அளவு ஜாக்கெட் எதையும் தேடவில்லை. சிவப்புப் பட்டுத் துணியை விரித்து சாக்பீஸால் கோடு போட்டேன். கழுத்து, தோள், கை என்று எல்லாம் தானாக வந்தது. முதுகுப் பக்கம் ஹூக் வைக்காமல் திறந்தே விட்டேன், போடுவதற்குச் சிரமமில்லாமல் இருக்கும் என்று. ஊரில் எத்தனையோ பெண்ணுக்குக் கல்யாண ஜாக்கெட் தைத்திருக்கிறேன். உனக்குத் தைத்தபோது வாய்விட்டு அழுதேன். மழைச் சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்டிருக்காது.

நான் திரும்பி வந்தபோது வாசலில் ஒரு சிக்கல். வாய்க்கால் கரையிலிருந்து வாழைக்கன்றைத் தோண்டிக்கொண்டு வந்து, நடுவில் ஒரு வேட்டியைச் சுற்றி வைத்திருந்தார்கள். உனக்குத் தலையில் பூ வைத்து, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்து நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மஞ்சள் கயிறு தட்டில் தயாராக இருந்தது. ஆனால் கன்றுக்குக் கை ஏது? அதைப் பிடித்துக்கொண்டு அதன் சார்பில் யாராவது கட்ட வேண்டும். பங்காளிகள் கட்டக் கூடாது, அண்ணன் தம்பி முறை. கட்ட வேண்டியவர் அத்தை மகன், முறைப்படி அவர்தான். அவர் எழுந்தார். அவருடைய மனைவி கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். "எம் புருஷனைப் பொணத்துக்குத் தாலி கட்டச் சொல்றீங்களா? நல்லா இருக்கே நியாயம்" என்று அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. அத்தை அதற்கு மேல் வற்புறுத்தவில்லை, மகன் குடும்பமாயிற்றே.

பொம்பளை யாராவது கட்டட்டும் என்று ஒருவர் சொன்னார். அண்ணி பின்வாங்கினார், வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது. மற்ற பெண்களும் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒரு சித்தி முன்னால் வந்தார், அவர் கணவரை இழந்தவர் என்று நிறுத்திவிட்டார்கள். மழை வலுத்துக்கொண்டிருந்தது. அத்தை விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "பங்காளி கூடாது. கட்டினவ கூடாது. அறுத்தவ கூடாது." சொல்லிக்கொண்டே கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தவர், ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்ற என் மேல் கண்ணை நிறுத்தினார்.

"ஏம்மா டெய்லரு, உனக்குத்தான் புருஷன் புள்ளைன்னு ஒண்ணும் இல்லையே. கூடவே இருந்தவ. நீயே புடிச்சிக்கயேன்."

யாரும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் நிம்மதி. ஆபத்து யார் வீட்டுக்கும் போகாமல் ஆளில்லாதவள் ஒருத்தி கிடைத்துவிட்டாள்.

பெண்கள் சுற்றி நின்று மறைத்துக்கொள்ள, முதலில் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டோம். சரியாக இருந்தது. அதன் பிறகு கன்றை என் கையில் கொடுத்தார்கள். "தோள்ல சாச்சுக்க, கட்டுறதுக்குக் கை வேணும்ல" என்றார் அத்தை. என் தோள் மேல் சாய்த்துக்கொண்டேன். இலையிலிருந்து தண்ணீர் என் கழுத்துக்குள் ஒழுகியது. உன் பக்கத்தில் நின்றேன். தெருவே வாசலில் நின்றது. பறை அடித்தவர்களை நிறுத்தச் சொன்னார்கள். உன் அண்ணன் உனக்கு மேலே குடை பிடித்திருந்தார், அதைக் கொஞ்சம் நகர்த்தி என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். நான் கயிற்றை எடுத்து உன் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனேன். ஒரு முடிச்சுப் போட்டேன். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியது என்று நான் தயங்கினேன்.

"வாழைக்கு ஏதும்மா அக்கா தங்கச்சி? மூணையும் நீயே போட்டுரு" என்றார் அத்தை.

மூன்றையும் நானே போட்டேன். அவிழாத முடிச்சு போடத் தெரியும் எனக்கு, அதுதானே தொழில். அத்தை மஞ்சள் அரிசியை எடுத்துப் போட்டார். அவரைப் பார்த்து எல்லோரும் போட்டார்கள். உன் தலையிலும் விழுந்தது, என் தலையிலும் விழுந்தது. எனக்கு அழுகை வரவில்லை. உன் காதருகில் குனிந்து ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நேரமில்லை. யாரோ கன்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய் வேலியோரம் வைத்து அரிவாளால் ஒரே வெட்டாக வெட்டினார்கள். மாப்பிள்ளை வேலை முடிந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் எல்லோரும் தெருமுனையோடு நின்றுவிட்டோம்.

மூன்றாம் நாள் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா கடைக்கு வந்தார். "ஃபிரண்டு ஒருத்தங்க தவறிட்டாங்களாமே, பாவம்" என்று ஒரு வரி விசாரித்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் ஜாக்கெட் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றேன். "உங்க கை ராசியான கை" என்றார். புருஷன் போனவளிடம் யாரும் கல்யாண ஜாக்கெட் தைக்கக் கொடுக்க மாட்டார்கள் இந்தப் பக்கம். எனக்குக் கொடுத்தார்கள். ஒருவரும் என்னைக் கட்டிப்பிடித்து அழவில்லை, ஒருவரும் பூ வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. இப்படி ஒரு தனிமை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. துக்க வீடு என்றால் ஆட்கள் வந்து உட்காருவார்கள், காப்பி போட்டுக் கொடுக்க ஒருத்தர் இருப்பார். இது துக்க வீடு என்பதே என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ராசியான கையால் தைத்துக்கொண்டே இருந்தேன். இப்போதெல்லாம் நூலில் மூன்றாவது முடிச்சு போடும்போது கை நின்றுவிடுகிறது.

மார்கழியில் ஒரு மதியம் பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்திக்காகச் சமைக்கப் பிடிக்கவில்லை, நீ திட்டாதே. டிவியில் விவாதம். நான்கு பேர் நான்கு கட்டத்துக்குள் உட்கார்ந்து, நம்மைப் போன்றவர்களுக்குக் கல்யாணம் தேவையா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். புனிதம் என்றார் ஒருவர். பாரம்பரியம் என்றார் இன்னொருவர். உரிமை என்று பேச வந்த ஒரு பெண்ணை யாரும் வாக்கியம் முடிக்க விடவில்லை. எனக்கு எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "ரெண்டு பொம்பளை கல்யாணம் பண்ணிக்கிட்டா, யாருக்கு யாரு தாலி கட்டுறதாம்?" இருவரும் சிரித்தார்கள். பரிமாறுகிறவரும் சிரித்தார்.

எனக்குப் பதில் தெரியும். அந்த மெஸ்ஸில் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாழைக்கன்றுக்குக் கட்டி வைப்பீர்கள், அதில் புனிதம் கெடாது. நாங்கள் கேட்டால் கெட்டுவிடும், இல்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. மோர் ஊற்றட்டுமா என்று கேட்டார்கள். ஊற்றச் சொன்னேன். நீ இருந்திருந்தால் வெளியே வந்ததும் அந்த ஆளின் குரலில் பேசிக்காட்டி என்னைச் சிரிக்க வைத்திருப்பாய். கை கழுவிவிட்டு அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலைச் சொல்லாமலே அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

போகிக்கு முதல் நாள் உன் அண்ணன் வந்தார். கடை வாசலில் லோடு ஆட்டோ நின்றது. நான் யாருக்கோ அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் சாமான்களை இறக்க ஆரம்பித்தார். புது அரிசி ஒரு மூட்டை, வெல்லம், மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து, பழத்தார், இரண்டு கட்டுக் கரும்பு, புளி போட்டுத் துலக்கின புதுப் பித்தளைப் பானை. அளவு கொடுக்க வந்த பெண், "உங்க அண்ணனாக்கா? சீர் பெருசா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"எதுக்குங்க இதெல்லாம்? உங்க வீட்டுலயே இந்த வருஷம் பொங்கல் கிடையாதே" என்றேன்.

"எங்க வீட்டுல கிடையாது." அவர் கரும்புக் கட்டைச் சுவரில் சாய்த்து, சரியாமல் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். "எங்க வீட்டுப் பொண்ணுக்குத் தலைப்பொங்கல். வைக்காம விட்டா அது என்னைக் கேக்கும்."

உள்ளே வாங்க, காப்பி சாப்பிடுங்க என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை. அவர் கடைசியாக ஒரு தாம்பாளத்தை எடுத்துவந்து தையல் மேஜை மேல், கத்தரிக்கோலை நகர்த்திவிட்டு வைத்தார். வெற்றிலை பாக்கு, பூ, அதன் மேல் துணி. பெண்ணுக்கு ஒரு புடவை, மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டி, தலைப்பொங்கல் சீர் என்றால் அப்படித்தானே வைப்பார்கள். அவர் கொண்டுவந்த தட்டில் வேட்டி இல்லை. இரண்டு புடவை இருந்தது.

"வரேங்க" என்றார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் கும்பிடுவது போலக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். ஆட்டோ கேட் பக்கம் திரும்புகிற வரை வாசலிலேயே நின்றேன்.

பானையை அடுப்பில் ஏற்றவில்லை. ஏற்றலாமா கூடாதா என்று கேட்க ஆளில்லை. கரும்பு இன்னும் சுவரில் சாய்ந்தபடியே காய்கிறது, இத்தனையை நான் ஒருத்தி எப்படித் தின்பேன். புடவைகளில் ஒன்று பச்சை, ஒன்று மாம்பழ நிறம். பச்சை உனக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன். இன்னொன்றைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நமக்குக் கல்யாணம் ஆகிவிட்டதடி. உன் வீட்டு ஆட்கள்தான் நடத்தி வைத்தார்கள். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.